செம்மறி மந்தையில் நொண்டல் பரவுகிறது: குளம்பு அழுகலா, வேறு ஏதாவதா? குளம்பைச் செதுக்கலாமா?

பட்டிக்காரன்:

வணக்கம். செம்மறி வளர்ப்பில் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்கள் மந்தையில் நூறு ஆட்டுக்கு மேல் உண்டு. மழை பிடித்ததிலிருந்து மேய்ச்சல் நிலம் சொதசொதவென்று கிடக்கிறது, பட்டி வாசலிலும் சேறு. முதலில் புதிதாக வாங்கி வந்த கிடாக்களில் ஒன்று முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. முள் ஏதாவது தைத்திருக்கும் என்று பார்த்தோம், இல்லை. அப்புறம் தாய் ஆடுகளில் இரண்டு மூன்று நொண்டின. இப்போது குட்டிகளையும் சேர்த்து ஆறில் ஒரு பங்காவது நொண்டுகிறது. சில ஆடுகள் முன்னங்கால் இரண்டையும் மடக்கி முட்டி போட்டுக்கொண்டே மேய்கின்றன, பார்க்கச் சகிக்கவில்லை.

காலைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு குளம்புக்கும் நடுவே தோல் சிவந்து ஈரமாக இருக்கிறது, சில ஆடுகளில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கிறது. முதலில் நொண்டிய கிடாவுக்கு உள்பக்கக் குளம்பு, குதிகால் பக்கத்திலிருந்து கழன்று நிற்கிறது, கிட்டே போனால் நாற்றம் தாங்கவில்லை.

தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குளம்பை நன்றாகச் செதுக்கி விட்டு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வைக்கச் சொல்கிறார் ஒருவர், எல்லா ஆட்டுக்கும் ஊசி போட்டு விடச் சொல்கிறார் இன்னொருவர், வெயில் வந்தால் தானாகப் போய்விடும், விடு என்கிறார் வேறொருவர். இது என்ன நோய், எதிலிருந்து தொடங்குவது? மந்தையில் சினை ஆடுகளும் இருக்கின்றன.

கிடாவளர்ப்பு:

அண்ணா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் வாயைத் திறந்து பாருங்கள். நாக்கு, ஈறு, உதட்டின் உள்பக்கம் எங்காவது கொப்புளமோ புண்ணோ இருக்கிறதா? காய்ச்சல் உண்டா? முகம் வீங்கியிருக்கிறதா? ஒரே நாளில் பல ஆடுகள் சேர்ந்து நொண்ட ஆரம்பித்தனவா, இல்லை ஒவ்வொன்றாகவா? கோமாரியிலும் நீலநாக்கிலும் ஆடு நொண்டும். இந்த இரண்டில் ஒன்று என்று சந்தேகம் வந்தால் ஓர் ஆட்டைக்கூட இடம் மாற்றாமல் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

பட்டிக்காரன்:

பார்த்துவிட்டேன் தம்பி. நொண்டும் ஆடுகளில் பாதிக்கு மேல் வாயைத் திறந்து பார்த்தாயிற்று, வாய் சுத்தமாக இருக்கிறது, எச்சில் ஒழுகவில்லை, முகத்தில் வீக்கம் இல்லை. இரண்டு மூன்று ஆட்டுக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. ஒரே நாளில் வரவில்லை, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வந்தது.

கால்நடை_டாக்டர்:

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குளம்பு அழுகல் நோய்க்குத்தான் எல்லா அடையாளமும் பொருந்துகிறது. ஆனாலும் எழுத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, உங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர் ஒருமுறை நேரில் பார்த்தே ஆகவேண்டும். நான் எழுதுவது அவரிடம் நீங்கள் என்ன கேட்பது, அவர் வரும்வரை என்ன செய்வது என்பதற்காக.

இந்த நோய் டைக்கிலோபாக்டர் நோடோசஸ் என்ற பாக்டீரியாவால் வருகிறது. காற்றில்லாத இடத்தில் வளர்கிற கிருமி. நல்ல தோலுக்குள் இது சுலபமாக நுழைய முடியாது. குளம்பிடுக்குத் தோல் நாள் கணக்காகச் சேற்றில் ஊறி இளகும்போது, சாணத்தில் எப்போதும் இருக்கிற ஃபியூசோபாக்டீரியம் என்ற இன்னொரு கிருமியும் சேர்ந்துகொள்ள, தோல் சிவந்து புண்ணாகிறது. அந்த நிலையில் நோடோசஸ் உள்ளே புகுந்து, குளம்பை அடிச்சதையோடு பிணைத்து வைத்திருக்கும் பகுதியைத் தன் நொதிகளால் கரைத்துக்கொண்டே போகிறது. குதிகால் உள்பக்கத்தில் குளம்பு கழலத் தொடங்கி, அடிப்பாகம் வழியாக வெளிச்சுவர் வரை போவது இதனால்தான். உங்கள் கிடாவுக்கு நடந்திருப்பதும் இதுதான் போலிருக்கிறது. மற்ற ஆடுகளில் நீங்கள் பார்க்கும் சிவப்பும் சாம்பல் படிவும் அதே நோயின் ஆரம்பக் கட்டமாக இருக்கலாம். ‘இது வெறும் சேற்றுப்புண், அது அழுகல்’ என்று இரண்டையும் தனித்தனி நோயாக நினைத்து ஆரம்பப் புண்ணை விட்டுவிடுவதால்தான் மந்தைகளில் நோய் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வேறு நோய்களிலிருந்து எப்படிப் பிரிப்பது? நொண்டும் ஆட்டில் ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள், குறைந்தது பத்துப் பதினைந்து ஆடுகளின் நான்கு கால்களையும் தூக்கிப் பாருங்கள். ஓர் ஆட்டில், ஒரே குளம்பு சூடாக, தொட்டாலே காலை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு வலியோடு, குளம்பிடுக்கில் மட்டும் புண் இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் குளம்புக்குள் சீழ்க்கட்டி. அது மந்தையில் பரவாது. புண் குளம்பிடுக்கில் ஆரம்பிக்காமல் மேலே, மயிரும் குளம்பும் சேர்கிற வளையத்தில் ஆரம்பித்து, குளம்பு மேலிருந்து கீழாகத் தொப்பி மாதிரி கழன்று வந்தால் அது தொற்றும் விரல்தோல் அழற்சி. அதற்குக் காரணம் டிரெப்போனிமா வகைக் கிருமிகள். அழுகல் நோயின் அந்தக் குறிப்பிட்ட நாற்றம் அதில் பெரும்பாலும் இருக்காது. அதற்கான மருந்தும் வேறாக இருக்கலாம், அதனால்தான் இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். இரண்டும் ஒரே மந்தையில் சேர்ந்து வருவதும் உண்டு.

உறுதி செய்ய வேண்டுமென்றால் மருத்துவர் குளம்பிடுக்கிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து அனுப்புவார். கண்ணாடிச் சில்லில் பூசி நிறமேற்றிப் பார்த்தால் இரண்டு முனையும் தடித்த குச்சி வடிவக் கிருமிகள் தெரியும். கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனை வசதி இருந்தால் கிருமி கொடிய வகையா, சாதுவான வகையா என்றுகூடப் பிரித்துச் சொல்வார்கள். மாதிரி எடுக்கும் முன்பு காலில் மருந்து அடிக்காதீர்கள், ஊசியும் போடாதீர்கள். பலரும் எல்லாம் செய்துவிட்டு அப்புறம்தான் மாதிரி எடுக்கச் சொல்வார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது.

சரி, சிகிச்சை. நொண்டும் ஒவ்வோர் ஆட்டுக்கும் நீண்ட நேரம் வேலை செய்கிற ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி, கூடவே புண்ணில் ஆன்டிபயாட்டிக் ஸ்பிரே. வழக்கமான அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம், சதையில் ஆழமாக. மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள மருந்து என்றால் 10 கிலோவுக்கு 1 மில்லி, 40 கிலோ ஆட்டுக்கு 4 மில்லி. 5 மில்லிக்கு மேல் போனால் இரண்டு இடமாகப் பிரித்துப் போட வேண்டும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைத்துப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற கோளாறு, முடிந்தால் நிறுத்துப் பாருங்கள். மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவர் எழுதித் தரட்டும். ஊசி போட்ட ஆட்டின் பாலும் இறைச்சியும் எத்தனை நாள் கழித்துப் பயன்படுத்தலாம் என்று மருந்துச் சீட்டில் போட்டிருக்கும், அதற்கு முன்பு விற்கவே கூடாது.

எல்லா ஆட்டுக்கும் ஊசி வேண்டாம். நோய் உள்ளவற்றுக்கு, நொண்டத் தொடங்கிய மூன்று நாளுக்குள் போட்டுவிட்டால் போதும். அந்த வேகம்தான் மந்தையைக் காப்பாற்றும்.

குளம்பைச் செதுக்காதீர்கள்.

நாட்டுச்செம்மறி:

டாக்டர் சொல்வதில் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குளம்பு அழுகலுக்குச் செதுக்கித்தான் வைத்தியம் செய்கிறோம். நீங்களே சொல்கிறீர்கள், அது காற்றில்லாத இடத்தில் வளர்கிற கிருமி என்று. அப்படியானால் கழன்ற குளம்பை வெட்டி எடுத்துப் புண்ணில் காற்றுப் பட விட்டால்தானே கிருமி சாகும்? மூடியே வைத்திருந்தால் உள்ளே அழுகிக்கொண்டே போகாதா? என் அப்பா செதுக்கிய ஆடுகள் நடந்து போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கால்நடை_டாக்டர்:

ஐயா, கேள்வி நியாயமானது. நாங்கள் படித்த காலத்துப் பாடப் புத்தகங்களிலும் செதுக்கு என்றுதான் இருந்தது. ஊசி மருந்து கைக்கு வராத காலத்தில் புண்ணை மருந்து எட்ட வேறு வழி இல்லை, அதனால் செதுக்கினார்கள். இப்போது மருந்து இரத்தத்தின் வழியாக உள்ளேயிருந்தே புண்ணுக்குப் போகிறது, குளம்பைத் திறந்து வழி விட வேண்டிய தேவை இல்லை.

இதை ஆடுகளில் வைத்தே சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில் குளம்பு அழுகல் கண்ட ஆடுகளைக் குழுக்களாகப் பிரித்து, சிலவற்றுக்கு ஊசி, சிலவற்றுக்குச் செதுக்கல் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஊசி போட்டவை சீக்கிரம் குணமாயின, செதுக்கப்பட்டவை தாமதமாகத்தான் குணமாயின. செதுக்காமல் ஊசியும் ஸ்பிரேயும் கொடுத்தால் 10 நாளில் பத்தில் ஒன்பது ஆட்டுக்கு மேல் நொண்டல் தீர்ந்துவிடும் என்பது இப்போது பல மந்தைகளில் பார்த்த விஷயம்.

காரணமும் புரியக்கூடியதுதான். கழன்ற குளம்புக்குக் கீழே இருப்பது வலியெடுக்கும் உயிர்ச்சதை. கத்தி கொஞ்சம் ஆழம் போனால் இரத்தம் வரும், புண் பெரிதாகும், ஆடு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே பயப்படும். அடிக்கடி ஆழமாகச் செதுக்கிய கால்களில் நுனியில் செர்ரிப்பழம் போலச் சிவப்பாக ஒரு சதை முண்டு முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள், தொட்டாலே இரத்தம் வரும். நோய் போன பிறகும் அதனால் நொண்டுகிற ஆடுகள் உண்டு. இன்னொன்று, ஒரே கத்தியை ஓர் ஆட்டிலிருந்து அடுத்த ஆட்டுக்குக் கொண்டுபோனால் கிருமியையும் சேர்த்தே கொண்டுபோகிறோம். வெட்டிப் போட்ட குளம்புத் துண்டுக்குள் கிருமி வெளியே இருப்பதைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கும்.

குளம்பு கோணலாக நீண்டு நடக்கவே தடையாக இருந்தால், புண் முழுக்க ஆறி நொண்டல் நின்ற பிறகு, அந்த நீட்டத்தை மட்டும் லேசாக எடுத்துவிடலாம். பெரும்பாலும் அதற்கும் தேவை வராது, ஆடு சரியாக ஊன்றி நடந்தால் குளம்பு தானே தேய்ந்து ஒழுங்குக்கு வந்துவிடும்.

நாட்டுச்செம்மறி:

அந்தச் சதை முண்டை நான் பார்த்திருக்கிறேன் டாக்டர், அது நோயின் மிச்சம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அடுத்து நொண்டுகிற ஆட்டுக்குக் கத்தி வைக்காமல் பார்க்கிறேன்.

சேற்றுமேய்ச்சல்:

கால் குளியலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதை நான் எழுதுகிறேன். எங்கள் மந்தையில் மழைக்காலம் முழுக்க அதை வைத்துத்தான் சமாளிக்கிறோம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள் அக்கா, அண்ணன்மார்களே: குளம்பு கழன்று போன ஆட்டைக் கால் குளியலில் நிறுத்தினால் மட்டும் குணமாகாது. கரைசல் குளம்புக்கு அடியில் போய்ச் சேராது. ஆரம்ப நிலைச் சிவப்புக்கும், நல்ல காலில் தொற்று ஒட்டாமல் தடுக்கவும்தான் அது உதவும்.

நாங்கள் போடுவது ஜிங்க் சல்பேட், 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ. குளம்புக்கு மேல் உள்ள மயிர் ஓரம் மூழ்கும் ஆழம் இருந்தால் போதும். சேற்றுக்காலோடு நேரே இறக்கினால் முதல் இருபது ஆடுகளிலேயே தொட்டி குழம்பாகிவிடும், அப்புறம் கரைசலுக்கு வீரியமே இருக்காது. அதனால் முன்னால் வெறும் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்துக் கால் அலசிவிட்டுத்தான் மருந்துத் தொட்டிக்கு விடுகிறோம். ஓட்டி விரட்டாமல் நிதானமாக நிறுத்தி வைக்க வேண்டும். குளம்பிடுக்கில் சிவப்பு உள்ளவற்றைக் கால் மணி நேரமாவது நிறுத்துவோம்.

குளியல் முடிந்த கையோடு மறுபடி சேற்றுக்குள் விட்டால் செய்ததெல்லாம் வீண். சிமெண்டுத் தரையோ கெட்டியான காய்ந்த இடமோ பார்த்து ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், மருந்து காலில் காயட்டும். ஆடுகளுக்கு முன்னதாகவே வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள், தாகத்தில் வந்தால் தொட்டிக் கரைசலைக் குடித்துவிடும், அது விஷம். மீந்த கரைசலைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள்.

ஃபார்மலினும் போடலாம், 3 சதவீதம் போதும். 5க்கு மேல் போகவே கூடாது, தோல் வெந்துவிடும். அதன் ஆவி நமக்கும் கெடுதல், காற்றோட்டமான இடத்தில் கையுறையோடு செய்ய வேண்டும். திறந்த புண்ணில் அது பட்டால் ஆடு துடிக்கிற துடிப்பைப் பார்க்க முடியாது, அதனால்தான் நான் ஜிங்க் சல்பேட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மயில்துத்தம் சொன்னார்கள் என்றீர்களே, கிருமியைக் கொல்லும்தான், ஆனால் செம்மறிக்குச் செம்புச் சத்து ஆகவே ஆகாது. மற்றக் கால்நடை தாங்குகிற அளவைக்கூட இது தாங்காது, கல்லீரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் திடீரென்று மஞ்சள் காமாலை மாதிரி வந்து செத்துப்போகும். வேறு மருந்து கைவசம் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

பட்டிக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மருத்துவர் வந்து பார்த்தார், மாதிரி எடுத்துக்கொண்டு குளம்பு அழுகல்தான் என்று சொல்லி ஊசி எழுதிக் கொடுத்தார். நொண்டும் ஆடுகளைப் பிரித்து வேறு கொட்டகையில் அடைத்திருக்கிறோம். இப்போது எனக்குள் இருக்கிற பயம் வேறு. இந்தக் கிருமி மேய்ச்சல் நிலம் முழுக்க இறங்கியிருக்குமே, இனி அந்த நிலத்தில் ஆடு விடவே முடியாதா? பட்டி மண்ணை வழித்து எடுக்க வேண்டுமா? தடுப்பூசி இருக்கிறது என்கிறார்கள், போடலாமா?

கால்நடை_டாக்டர்:

நிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்தக் கிருமியின் வீடு ஆட்டின் கால், மண் இல்லை. காலை விட்டு வெளியே வந்தால் பொதுவாக ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. 1941இல் ஆஸ்திரேலியாவில் பெவரிட்ஜ் என்ற ஆய்வாளர் இந்தக் கிருமியை அடையாளம் காட்டியபோதே மேய்ச்சல் நிலத்தில் இது நீண்ட நாள் தங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரம் ஆடு படாத நிலம் என்றால் சுத்தமான நிலம் என்றே எடுத்துக்கொள்ளலாம். மண்ணை வழித்தெடுக்கும் வேலை வேண்டாம். பட்டி வாசல், தண்ணீர்த்தொட்டி ஓரம் என்று ஆடுகள் கூடி மிதித்துச் சேறாக்கும் இடங்களை மட்டும் மேடாக்கி, சரளையோ சுண்ணாம்போ போட்டுக் காயவிடுங்கள். ஆடுக்கு ஆடு தொற்று கைமாறுவது அங்கேதான்.

அப்படியானால் வருஷா வருஷம் மழையோடு ஏன் திரும்பி வருகிறது? காய்ந்த காலத்தில் நோய் பரவாது, புண்ணும் வெளியே தெரியாது, ஆனால் சில ஆடுகளின் குளம்பு மடிப்புக்குள் கிருமி ஒளிந்து மாதக்கணக்கில் இருக்கும். ஈரமும் மிதமான வெப்பமும் சேர்ந்ததும் அங்கிருந்து மறுபடி தொடங்கும். வெயில் வந்தால் தானாகப் போய்விடும் என்று உங்களிடம் சொன்னவர் பார்த்தது இந்த இடைவெளியைத்தான்.

அதனால் காய்ந்த காலம்தான் இதை வேரறுக்கச் சரியான நேரம். எல்லா ஆட்டையும் பிடித்து நான்கு காலும் பாருங்கள், குளம்பு கோணியிருக்கிறதா, மடிப்புக்குள் ஈரமான பொந்து இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் உள்ளவற்றை ஒதுக்கி வையுங்கள். சிகிச்சை கொடுத்தும் குணமாகாத ஆடு, ஒரே பருவத்தில் இரண்டாவது முறை நோய் வந்த ஆடு இரண்டையும் மந்தையில் வைத்துக்கொள்ளவே கூடாது. பாசமாக வளர்த்த ஆடாக இருக்கும், பால் நிறையக் கொடுக்கும் தாயாக இருக்கும், ஆனால் அது நிற்கும்வரை மற்ற ஆடுகள் நிம்மதியாக நடக்க முடியாது. அதன் குட்டிகளையும் இனப்பெருக்கத்துக்கு எடுக்க வேண்டாம், இந்த நோய்க்கு இளகிக் கொடுக்கும் தன்மை ஓரளவு பரம்பரையில் வருகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1988இல் தொடங்கிய திட்டம் இப்படித்தான், வறண்ட பருவத்தில் கால் பார்த்து நோயுள்ளதைக் கழித்துக் கழித்தே பெருவாரியான மந்தைகளைக் கொடிய வகையிலிருந்து மீட்டார்கள்.

தடுப்பூசி விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. இந்தக் கிருமியின் மேலுள்ள மயிரிழை போன்ற புரதத்தை வைத்து இதை ஏ முதல் ஐ வரையும் எம் என்றும் 10 சீரோகுழுவாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்குப் போட்ட தடுப்பூசி இன்னொரு குழுவிடமிருந்து காப்பாற்றாது. எல்லாக் குழுவையும் ஒன்றாகச் சேர்த்த தடுப்பூசி போட்டால் ஒன்றோடொன்று போட்டி போட்டு ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும், சில மாதங்கள்தான் நிற்கும். மழைக்கு முன்னால் போட்டால் அந்தப் பருவத்தைத் தாண்ட அது போதும். மந்தையில் இருப்பது எந்தக் குழு என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் தடுப்பூசி செய்து போடுவது ரொம்பவே பலன் தரும். நேபாள மலைப்பகுதியில் மேய்ச்சலுக்கு இடம் மாறிப் போகிற மந்தைகளில் கொடிய நோயை உண்டாக்கியது ஓரிரு சீரோகுழு மட்டுமே என்று தெரிந்து, அதற்கேற்ற தடுப்பூசி போட்டே ஒழித்தார்கள். அதனால் உங்கள் மாதிரியில் சீரோகுழு பார்க்க முடியுமா என்று ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தடுப்பூசி போடுவதாக இருந்தால் சினை ஆடுகளுக்குக் குட்டி போடும் நாளுக்கு முன்னும் பின்னும் நான்கு வாரம் தவிர்க்க வேண்டும். எண்ணெய் கலந்த மருந்து என்பதால் போட்ட இடத்தில் கட்டி வருவதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: குளம்பு அழுகல் தடுப்பூசி போடுகிற ஆட்டுக்கு ஒட்டுண்ணிக்கான மாக்சிடெக்டின் ஊசியைச் சேர்த்துப் போடவே கூடாது. ஒவ்வாமை வந்து ஆடுகள் இறந்திருக்கின்றன. முன்பு எப்போதாவது போட்டிருந்தால்கூட மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கிடாவளர்ப்பு:

எல்லோரும் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று, ஈ. மழைக்காலத்தில் அழுகிய குளம்பில் ஈ முட்டை வைத்துப் புழு பிடித்துவிடும். ஆடு படுக்கும்போது அந்தக் கால் நெஞ்சுப் பக்கத்து ரோமத்தில் பட்டு அங்கேயும் புழு ஏறும். நொண்டுகிற ஆட்டின் காலை மட்டும் பார்க்காமல் கால் மடங்கிப் படுகிற இடத்து ரோமத்தையும் விலக்கிப் பாருங்கள். ஈரமாக, நிறம் மாறி இருந்தால் உடனே கத்தரித்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.

வெள்ளாடு சேர்த்து வளர்த்தால் அதன் காலையும் பார்க்க வேண்டும் அண்ணா, அதற்கும் வரும். மாட்டின் காலிலும் இந்தக் கிருமி இருக்கும், பெரும்பாலும் சாதுவான வகைதான் என்று சொல்வார்கள்.

பட்டிக்காரன்:

ஊசி போட்டவற்றில் பெரும்பாலானவை இப்போது நான்கு காலும் ஊன்றி நடக்கின்றன. முட்டி போட்டு மேய்ந்த தாய் ஆடுகள் நிமிர்ந்து மேய்கின்றன. செதுக்கவில்லை, கழன்ற குளம்புக்கு அடியில் புதுக் குளம்பு வெள்ளையாக வளர்ந்து வருவது தெரிகிறது. அந்தக் கிடாவுக்கு மட்டும் இரண்டாவது ஊசிக்குப் பிறகும் நாற்றம் போகவில்லை. நல்ல இனக் கிடா என்பதால் கழித்துவிட வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கலாமா? வாங்கும்போது இதை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

கால்நடை_டாக்டர்:

கிடாவைப் பொறுத்தவரை உங்கள் மருத்துவர் ஒருமுறை காலைத் திறந்து பார்க்கட்டும், உள்ளே எலும்பு மூட்டு வரை சீழ் போயிருக்கலாம், இல்லை அழுகலோடு அந்த டிரெப்போனிமா நோயும் கூடச் சேர்ந்திருக்கலாம். அப்படியென்றால் வேறு மருந்து தருவார். அதற்கும் மசியவில்லை என்றால் கழித்துவிடுங்கள். ஒரு கிடா இனப்பெருக்க காலத்தில் எத்தனை தாய் ஆடுகளோடு பழகுகிறது என்று யோசித்துப் பாருங்கள், தொற்றைப் பரப்புவதில் அதற்கு நிகர் வேறு ஆடே கிடையாது. அதோடு கால் வலியோடு அது ஏறவும் செய்யாது. வேறு மந்தைக்கும் விற்காதீர்கள், அங்கேயும் இன்னொருவர் இதே கேள்வியோடு நிற்பார்.

வாங்கும்போது ஆடு நொண்டவில்லை என்பதை மட்டும் நம்ப முடியாது. நான்கு காலையும் தூக்கி, குளம்பிடுக்கைக் கைவிரலால் விரித்துப் பார்த்து, மோந்தும் பாருங்கள். குளம்பை அப்போதுதான் புதிதாகச் செதுக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வீட்டுக்கு வந்ததும் நான்கு வாரம் தனியாக, வேறு நிலத்தில் வைத்திருங்கள். வந்த நாளில் ஒரு கால் குளியல், வாரம் ஒருமுறை கால் பார்த்தல், கடைசியில் இன்னொரு குளியல். அந்த நான்கு வாரத்தில் ஈரமான நாள் சில இருந்தால் நல்லது, ஒளிந்திருக்கும் நோய் அப்போதுதான் வெளியே வரும். கண்காட்சிக்கோ இனவிருத்திக்கோ வெளியே போய்த் திரும்புகிற உங்கள் சொந்த ஆட்டுக்கும் இதே நான்கு வாரம்தான்.

சினை ஆடுகளைக் கால் பார்க்கும்போது புரட்டிப் போடாதீர்கள், நின்ற நிலையிலேயே ஒருவர் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பாருங்கள். குட்டி போடும் கொட்டகையில் பழைய வைக்கோலை அள்ளி எடுத்துவிட்டுத் தரை காய்ந்த பிறகு புதிது பரப்புங்கள், பிறக்கிற குட்டிகளுக்கு முதல் தொற்று பெரும்பாலும் அந்த ஈரப் படுக்கையில்தான் கிடைக்கிறது.

சேற்றுமேய்ச்சல்:

அண்ணா, ஊசி போட்ட ஒவ்வோர் ஆட்டின் காது எண்ணும், எந்தக் கால் என்பதும், தேதியும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதுகில் வண்ணம் அடித்து வைத்தாலும் சரி. இரண்டாவது முறை எது நொண்டுகிறது என்று காய்ந்த காலத்தில் கழிக்க உட்காரும்போது ஞாபகத்தை நம்ப முடியாது, எங்களுக்கு அந்த நோட்டுதான் முடிவு சொல்கிறது.